கைக்கு எட்டிய பள்ளத்தாக்கு: கிராண்ட் கேன்யனின் காலப் பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் தென் விளிம்புக்கு வந்து, கம்பிவேலியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். கூட்டம் கூடும் இடத்திலிருந்து எதிர்விளிம்பு 16 கிலோமீட்டருக்கு அப்பால். இப்படிப்பட்ட அளவுகளுக்கு நம் கண் பழகியதே இல்லை. தூரத்தில் தெரியும் பாறைச் சுவர் வீடு உயரமா மலை உயரமா என்று சட்டென்று யாருக்கும் பிடிபடாது.

கண் உள்ளவர் பாடே இப்படி என்றால், பார்வையற்ற ஒருவர் அந்த வேலியோரம் வந்து நிற்கும்போது அவருக்குப் பூங்கா எதைக் கொடுக்கும்? கீழிருந்து ஏறிவரும் காற்று முகத்தில் படும். எதிரே எந்தச் சுவரும் இல்லாத வெளிக்கு ஓசையில் ஒரு வித்தியாசம் உண்டு. பின்யோன் பைன் மரங்களின் வாசம் வரும். இவை எல்லாம் உண்மையான அனுபவங்கள்தான். ஆனால் பள்ளத்தாக்கு எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பதை இவை சொல்லிவிடாது. பூங்காவின் பெருமை முழுவதும் எதிரே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. அங்கே கைக்கு எட்டுகிற பொருள் வேலிக்கம்பி மட்டும்தான்.

உலகம் முழுக்கப் பூங்காக்கள் இதற்குத் தரும் வழக்கமான பதில், காட்சிமுனையில் ஒரு வெண்கல மாதிரி. மலையையும் பள்ளத்தையும் மேசையளவுக்குச் சுருக்கி வார்த்து, பக்கத்தில் பிரெயிலில் நாலு வரி எழுதி வைத்துவிடுவது. நல்ல காரியம்தான். ஆனால் நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொன்றை. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் 2010 அக்டோபரில் திறக்கப்பட்ட காலப் பாதை பார்வையற்றோருக்காகத் திட்டமிடப்பட்டதல்ல. பொதுமக்களுக்குப் புவியியல் சொல்லித்தருவதற்காக, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கார்ல் கார்ல்ஸ்ட்ராம், லாரா கிராஸி, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் செம்கென் ஆகியோர் பூங்காவுடன் சேர்ந்து உருவாக்கியது. அப்படியிருந்தும், கைக்கென்றே செய்யப்பட்ட பல மாதிரிகளைவிட இது கைக்கு அதிகம் தருகிறது என்பது என் கணிப்பு. எப்படித் தருகிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

சட்டம் சொல்வது

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையை உருவாக்கிய 1916 சட்டம் காக்கச் சொல்லும் பட்டியலில் முதலில் வருவதே இயற்கைக் காட்சி. அதாவது கண்ணுக்கான ஒன்று. ஊனமுற்றோருக்கான அணுகல் சட்டங்கள் இதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான் வந்தன: கூட்டாட்சி அரசின் கட்டடங்களில் தடைகளை நீக்கச் சொல்லும் 1968 சட்டம், அரசின் திட்டங்களில் பாகுபாடு கூடாது என்ற 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு. எல்லோரும் பேசும் 1990-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் மாநில, உள்ளாட்சி அமைப்புகளையும் தனியாரையும்தான் கட்டுப்படுத்தும்; தேசியப் பூங்காக்களுக்கு முன்சொன்ன இரண்டும்தான் பொருந்தும். இவற்றை வைத்துப் பூங்காச் சேவையின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி வடிவமைப்பு மையம் காட்சிப் பொருள்களுக்கான அணுகல் வழிகாட்டிகளை வெளியிட்டிருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன்பே மேடுபள்ள மாதிரிகள் பூங்காக்களில் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்னகி நிறுவனத்தின் தலைவராக இருந்த தொல்லுயிரியலாளர் ஜான் சி. மெரியம், ‘மக்கள் இயற்கையைச் சும்மா வேடிக்கை பார்க்காமல் புரிந்துகொள்ள வேண்டும்’ என்ற எண்ணம் கொண்டவர். கிராண்ட் கேன்யனில் 1928-இல் திறந்த யாவபாய் நோக்குநிலையத்துக்கும், ஒரெகனின் கிரேட்டர் ஏரியில் 1931-இல் திறந்த சின்னட் நினைவு மேடைக்கும் பின்னால் இருந்தவர் அவர். சின்னட் மேடையில் ஏரியையும் சுற்றுமலையையும் காட்டும் மாதிரி ஒன்று வைத்தார்கள். ஆனால் அந்த மேடைக்குப் போக விளிம்பிலிருந்து படியிறங்க வேண்டும். மாதிரி வைத்தவர்களின் மனத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை அந்தப் படிகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

பாதை

காலப் பாதை தொடங்கும் இடமும் அதே யாவபாய்தான். இப்போது அது புவியியல் அருங்காட்சியகம். அங்கிருந்து கிராண்ட் கேன்யன் கிராமம் வரை விளிம்பையொட்டி ஓடும் தளமிட்ட நடைபாதையில் இந்தக் காட்சி விரிகிறது. கணக்கு மிக எளிமையானது: ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டு பின்னால் போகிறோம். ஒரு நீண்ட எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி தரையில் பதித்திருக்கிறார்கள். பத்து மீட்டருக்கு ஒருமுறை எண் பொறித்த குறி. ஆங்கிலத்தில் எண்ணுபவர்களுக்கு அது பத்து மில்லியன். நமக்குக் கச்சிதமாக ஒரு கோடி. கோடி கோடியாக எண்ணிக்கொண்டே நடக்கலாம்.

மனிதக் காலத்திலிருந்து பாறைக் காலத்துக்கு ஒரேயடியாகத் தாவினால் தலை சுற்றும் என்பதால், ஆரம்பத்தில் சிறிய அளவுகளில் தொடங்கிப் படிப்படியாக 10 லட்சத்துக்குக் கொண்டுபோகும் ஒரு முன்னோட்டப் பாதையும் உண்டு. முக்கியப் பாதை கிராமத்தை அடையும்போது 200 கோடி ஆண்டைத் தாண்டியிருக்கும். அதற்கு மேலும் மரிகோப்பா முனை வரை நடந்தால் மொத்தம் 4.56 கிலோமீட்டர், 456 கோடி ஆண்டு, அதாவது பூமியின் பிறப்பு. கிராமத்தைத் தாண்டிய அந்தப் பகுதியில் ஏற்றம் இருக்கிறது. யாவபாயிலிருந்து கிராமம் வரையிலான பகுதி சக்கர நாற்காலிக்கு ஏற்றது.

பாதையோரம் பாறைகள் நிற்கின்றன. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பூங்காவின் அனுமதியோடு எடுத்துவந்த உண்மையான கற்கள். விளிம்பிலிருந்து எட்டாத அடிப்பாறைகளைக் கொலராடோ ஆற்றில் படகில் போய் எடுத்துவந்தார்கள். ஒவ்வொரு கல்லும் அதன் வயதுக்குரிய மீட்டரில் பீடத்தின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. தொடலாம். தொடச் சொல்லியே வைத்திருக்கிறார்கள்.

இதன் அருமை நடந்தால்தான் தெரியும். பள்ளத்தாக்கை ஆறு அறுக்கத் தொடங்கி 50, 60 லட்சம் ஆண்டு ஆகியிருக்கும் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. சில பகுதிகள் அதைவிடப் பழையவை என்ற விவாதம் புவியியலாளர்களிடையே ஓயவில்லை. பாதையில் அது ஆறு எட்டு நடை. அவ்வளவுதான். இவ்வளவு பெரிய பள்ளம் ஆறே எட்டில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடந்துகொண்டே இருக்கிறோம், விளிம்புச் சுவரின் கல் ஒன்றும் வருவதில்லை. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி எரிமலைப் பாறைகள் போன்ற சில இளசுகளைத் தவிர, விளிம்பின் உச்சிப் பாறையான கைபாப் சுண்ணாம்புக்கல் வர 270 மீட்டர் ஆகும். அதன் வயது 27 கோடி. அதற்கு மேல் ஒருகாலத்தில் படிந்திருந்த அடுக்குகள் எல்லாம் அரித்துப் போய்விட்டன. காணாமல் போனதைக் கண்ணுக்குக் காட்டுவது கஷ்டம். காலுக்கு அது தானாகவே புரிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய காணாமல்போதல் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. 50 கோடி ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட டேப்பீட்ஸ் மணற்கல், 175 கோடி ஆண்டு வயதுள்ள விஷ்ணு சிஸ்ட் பாறையின் மேல் பல இடங்களில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் 120 கோடி ஆண்டு இல்லை. புவியியலில் இதற்குப் பெரும் இடைமுறிவு என்று பெயர். ஆற்றில் படகு ஓட்டிப் போகிறவர்கள் அந்த இடத்தில் ஒரே கையை விரித்து இரண்டு பாறையையும் தொடுவதுண்டு. பாதையில் அதே இடைவெளியைக் கடக்க 1.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில், பள்ளத்தாக்கின் வேறு சில பகுதிகளில் மட்டும் தப்பிப் பிழைத்த அடுக்குகளின் கற்கள் வந்துபோகும். கடைசியில், பள்ளத்தாக்கிலேயே மூத்த பாறையான 184 கோடி ஆண்டு எல்வ்ஸ் கேஸம் நைஸ். (விஷ்ணு என்ற பெயரைப் பார்த்து நம் ஆட்கள் யாராவது போயிருப்பார்களோ என்று நினைக்க வேண்டாம். 1880-களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் பாறைக் கோபுரங்களுக்கு விஷ்ணு, சிவன் என்று கீழைநாட்டுப் பெயர்களாக வைத்தார். விஷ்ணு என்ற பெயர் பாறைக்கும் வந்து சேர்ந்தது.)

இந்த எல்லாவற்றிலும் கண்ணின் பங்கு என்ன என்று கேட்டுப் பார்த்தால், வியப்பாக, மிகக் குறைவு. நேரம் தூரமாகிவிட்டது, தூரத்தைக் கால் அளக்கிறது, வயதைக் கல் சொல்கிறது. பார்வையற்றவரும் பார்வை உள்ளவரும் ஒரே பாடத்தை ஒரே வழியில் பெறுகிறார்கள். அணுகலுக்கென்று தனியாக ஒரு மூலையில் வைத்த பலகையில் இது நடக்காது.

கை எப்படி அறிகிறது

1987-இல் சூசன் லீடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், கை ஒரு பொருளை அறியும்போது செய்யும் அசைவுகளை வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பை அறிய விரல் பக்கவாட்டில் தேய்க்கும். கடினத்தை அறிய அழுத்தும். வெப்பத்தை அறிய அசையாமல் வைத்திருக்கும். எடையை அறியத் தூக்கிப் பார்க்கும். மொத்த வடிவத்தை அறியக் கையால் சுற்றிப் பிடிக்கும். நுட்பமான வடிவத்தை அறிய விளிம்பைத் தொடர்ந்து ஓட்டும். தொடு காட்சி வடிவமைக்கும் ஒவ்வொருவரும் இந்த ஆறையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தாங்கள் வைக்கப்போகும் பொருளில் கை இவற்றில் எதைச் செய்ய முடியும் என்று கேட்டாலே பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

வெண்கல மாதிரியில் கடைசி அசைவு நன்றாக நடக்கும்: விளிம்பைத் தொடர்வது. மாதிரி சிறியதென்றால் கையால் மூடிப் பிடிக்கவும் முடியும். மற்றபடி, சொரசொரப்பு வெண்கலத்தின் சொரசொரப்பு, வெப்பம் வெண்கலத்தின் வெப்பம், கடினம் வெண்கலத்தின் கடினம். பள்ளத்தாக்கைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

காலப் பாதையின் கற்களில் நிலைமை நேர்மாறு. அங்கே தேய்க்கலாம், அழுத்தலாம், உள்ளங்கையை வைத்துக் குளிர்ச்சியை உணரலாம். மணற்கல் விரலில் நறநறக்கும். கோக்கோனினோ மணற்கல் பழங்காலப் பாலைவனத்தின் மணல்மேடு. காற்று சலித்துக் குவித்த மணல் என்பதால் மணிகள் ஒரே அளவாக, நுண்மையாக இருக்கும். சிஸ்டில் அபிரகம் மிகுந்திருப்பதால் ஒரு திசையில் வழுக்கும், குறுக்கே தேய்த்தால் தகடு தகடாகத் தட்டும். அந்தத் தகடுகள், பூமிக்குள் பாறை பட்ட அழுத்தத்தின் தடம். நைஸின் பட்டைகளும் அப்படித்தான். சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிரிகளின் ஓடுகள் தட்டுப்படலாம்.

கண்ணை ஏமாற்றும் ஒரு பாறையை இங்கே கை திருத்துகிறது. விளிம்பிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் நடுவே செங்குத்தாக நிற்கும் பெரிய சிவப்புச் சுவர் ரெட்வால் சுண்ணாம்புக்கல். பெயரிலேயே சிவப்பு. உண்மையில் அந்தக் கல் சாம்பல் நிறம். மேலடுக்குகளிலிருந்து மழைநீரில் வழிந்த இரும்புத்துரு அதன் முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறது. அருகே வந்து கல்லைத் தொட்டு, உடைந்த முகத்தைப் பார்க்கும்போதுதான் பார்வை உள்ளவருக்கு அது தெரியவரும். பார்வையற்றவருக்கு இந்த ஏமாற்றமே கிடையாது. முதலிலேயே சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புக்கல்லாக அறிந்துகொள்கிறார்.

ஆனால் பாதையின் கற்களில் மெருகேற்றிய முகங்களும் உண்டு. இதில் எனக்கு முரண்பாடு இருக்கிறது. மெருகு கண்ணுக்கு ஒரு வரம். கனிமங்களின் நிறமும் பட்டையும் பளிச்சென்று தெரியும். கைக்கோ, மெருகிட்ட எல்லாக் கல்லும் சமையலறையின் கிரானைட் மேடைதான். 184 கோடி ஆண்டு நைஸும் 34 கோடி ஆண்டு ரெட்வாலும் ஒரே வழவழப்பாகிவிடும். கரடான இயற்கை முகமும் பக்கத்திலேயே, கை எளிதாகப் போய்ச்சேரும் பக்கத்தில் இருந்தால்தான் மெருகு நியாயப்படும். இனி இப்படிச் செய்ய நினைப்பவர்கள் ஒரு கல்லில் பாதி முகத்தை மட்டும் மெருகிட்டால், இரண்டுக்கும் நடுவே ஓடும் கோடே கைக்கு ஒரு செய்தியாகிவிடும்.

அப்புறம், எல்லாக் கல்லும் வெளியில் நிற்கத் தாங்காது. தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி பெய்யும்; பகலில் உருகி இரவில் உறையும். பள்ளத்தாக்கின் சரிவுகளை உண்டாக்கும் பிரைட் ஏஞ்சல், ஹெர்மிட் போன்ற மென்மையான களிப்பாறைகள் இந்த உறைவிலும், ஆயிரக்கணக்கான கைகளிலும் சீக்கிரம் உதிரும். தொடு காட்சி என்றால் தேயும், மாற்ற வேண்டியிருக்கும் என்பதை முதல்நாள் பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும். கோடை வெயிலில் காயும் வெண்கலத்துக்கும் இதே மாதிரி ஒரு பிரச்சினை: மதியம் கையே வைக்க முடியாத தொடு காட்சியை ஏதோ ஒரு பூங்காவில் கட்டாயம் யாராவது வைத்திருப்பார்கள். நிழல் இல்லாத இடத்தில் கருநிற உலோகம் கூடாது. இதற்கு ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை.

மாதிரியின் கணக்கு

கல் பொருளைச் சொல்கிறது, நடை காலத்தைச் சொல்கிறது. வடிவத்தை யார் சொல்வது? அதற்கு மாதிரிதான் வேண்டும். யாவபாய் அருங்காட்சியகத்துக்குள் பள்ளத்தாக்கின் பெரிய மேடுபள்ள மாதிரி இருக்கிறது. இந்த வகை மாதிரியை விரலுக்கென்று செய்யும்போது வரும் கணக்குகள் சுவையானவை.

கிராமத்திலிருந்து எதிர்விளிம்பு வரையிலான 16 கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கினால் 1.6 கிலோமீட்டர் ஆழம் 10 சென்டிமீட்டர் ஆகும். கையை உள்ளே விடலாம். உயரத்தை மிகைப்படுத்தத் தேவையே இல்லை. இது கிராண்ட் கேன்யனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். சாதாரண மலைப் பூங்கா ஒன்றை இதே விகிதத்தில் சுருக்கினால் 300 மீட்டர் குன்று இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகிப் போகும். அதனால் பெரும்பாலான மாதிரிகளில் உயரத்தை மட்டும் இரண்டு, மூன்று மடங்கு கூட்டுவார்கள். கண்ணுக்கு அது பெரிதாகப் படாது. விரலுக்கு மென்சரிவு செங்குத்தாகிவிடும். கூட்டியிருந்தால் எத்தனை மடங்கு என்று பிரெயிலிலும் ஒலியிலும் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் 446 கிலோமீட்டர் நீளத்தையும் அதே அளவில் காட்ட வேண்டுமென்றால் மாதிரி 28 மீட்டர் நீளமாகும். ஒரு மேசைக்கு அடங்காது. ஆக, எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வு வந்துவிடுகிறது. இங்கே கண்ணுக்கும் கைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு குறுக்கிடுகிறது. கண் முழுமையை முதலில் பிடித்து, பிறகு பகுதிகளுக்குப் போகும். கை பகுதி பகுதியாகச் சேர்த்து முழுமையைக் கட்டும். விரல்நுனி ஒரே நேரத்தில் உணர்வது ஓர் அங்குலத்துக்கும் குறைந்த பரப்பு. அதற்குள்ளும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக அறிய இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். செயற்கைக்கோள் தரவை அப்படியே இயந்திரத்தில் கொடுத்துக் கடைந்தெடுத்தால் ஆயிரம் சிறு ஓடைகளும் மாதிரியில் வந்துவிடும். பார்க்க அழகு. விரலுக்கு அது வெறும் கரடு. எனவே இரண்டு மாதிரிகள் தேவை: பள்ளத்தாக்கின் மொத்தப் போக்கை மட்டும் காட்டும் சிறிய, எளிமையான ஒன்று, இரண்டு கைக்குள் அடங்குவதாக, அதன் ஒரு துண்டை விரிவாகக் காட்டும் பெரிய ஒன்று. முதலில் சிறியது கைக்கு வர வேண்டும்.

மாதிரியின் திசை, வெளியே உள்ள பள்ளத்தாக்கின் திசையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மாதிரியில் ஆறு கைக்கு எதிரே ஓடினால் நிஜத்திலும் ஆறு எதிரே இருக்க வேண்டும். வரைபடத்தில் வடக்கு மேலே என்ற பழக்கம் இங்கே உதவாது. தென் விளிம்பில் நின்று வடக்கே பார்ப்பதால் இரண்டும் ஒத்துப்போய்விடும். வடவிளிம்பில் வைப்பவர் யோசிக்க வேண்டும்.

எங்கே கைவிடுகிறது

முதல் குறை தரையில் உள்ள குறிகள். அவை தளத்தோடு தளமாகப் பதித்தவை. கண்ணுக்கு எண் தெரியும். காலுக்கோ வெண்கோலுக்கோ அவற்றை நம்பி எண்ண முடியாது. கற்கள் பீடத்தில் இருப்பதால் கோலுக்குத் தட்டுப்படும். ஆனால் அடுத்த கல் 10 மீட்டரிலா 100 மீட்டரிலா என்று தெரியாமல் தேடிப்போவது நடையின் சுகத்தைக் கெடுத்துவிடும். இந்தப் பாதையின் உயிரே ‘எத்தனை கோடி நடந்தேன்’ என்ற எண்ணிக்கைதான். அது பார்வையற்றவருக்கு இன்னொருவர் வாய்வழியாகவோ அலைபேசி வழியாகவோதான் கிடைக்கும். கோடிக்கு ஒரு குறியை மட்டும், கோல் உணரும்படி பாதையின் குறுக்கே வேறு இழைநயமுள்ள ஒரு பட்டையாக அமைத்திருக்கலாம். சக்கர நாற்காலியை உலுக்காத அளவுக்குத் தாழ்வாக அதைச் செய்ய முடியும்.

பிரெயில் பற்றி ஒரு சின்ன வேடிக்கைக் கணக்கு. அமெரிக்க அளவுமுறைப்படி பிரெயில் புள்ளியின் உயரம் குறைந்தது 0.6 மில்லிமீட்டர். பாதையின் அளவில் அது 600 ஆண்டு. 80 வயது வாழ்ந்த மனிதரின் ஆயுள் 0.08 மில்லிமீட்டர், ஒரு தாளின் தடிமன். தாளின் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு 4.56 கிலோமீட்டரை நினைத்துப் பார்க்கச் சொல்லலாம். இதைவிடச் சுருக்கமாகப் புவிக்காலத்தை விளக்கும் தொடு காட்சி எனக்குத் தோன்றவில்லை. அதே நேரம் பிரெயிலை மட்டும் நம்பவும் கூடாது. பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பிறகு இழந்தவர்கள், பிரெயில் கற்காதவர்கள். அவர்களுக்குக் குரல் வேண்டும். ஹவாய் பல்கலைக்கழகமும் பூங்காச் சேவையும் சேர்ந்து தொடங்கிய யூனிடிஸ்கிரிப்ஷன் திட்டம், பூங்காக் கையேடுகளின் படங்களையும் வரைபடங்களையும் ஒலி விவரிப்பாக மாற்றும் வேலையைச் செய்துவருகிறது. நல்ல விவரிப்பு கைக்கு வழிகாட்டும்: ‘இடது ஓரத்திலிருந்து தொடங்குங்கள், முதல் படி வரும் வரை கீழே இறக்குங்கள்’ என்று. இந்தக் குரல் இல்லாமல் மாதிரியைத் தொடுவது, பெயர் தெரியாத ஊரில் இறங்கி நிற்பதற்குச் சமம்.

என் பார்வையில் முக்கியமான குறை வேறு. பாதையில் கற்களோடு நோக்குகுழாய்களும் உண்டு. குழாய் வழியே பார்த்தால், இங்கே நாம் தொட்ட கல் பள்ளத்தாக்கின் சுவரில் எந்த அடுக்கு என்று தெரியும். அருமையான யோசனை. கல்லையும் இடத்தையும் இணைக்கும் பாலம் அது. அந்தப் பாலம் கண்ணுக்கு மட்டும்தான் போடப்பட்டிருக்கிறது.

இதன் இழப்பு சாதாரணமானதல்ல, ஏனென்றால் கிராண்ட் கேன்யனின் வடிவமே கல்லின் குணத்தால் வந்தது. கைபாப், கோக்கோனினோ, ரெட்வால், டேப்பீட்ஸ் போன்ற கெட்டியான பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. நடுநடுவே உள்ள களிப்பாறைகள் உதிர்ந்து சரிவாகின்றன. சுவர், சரிவு, சுவர், சரிவு என்று இறங்கும் அந்தப் படிக்கட்டு வடிவத்துக்குக் காரணம் இவ்வளவுதான். கெட்டிக் கல்லைத் தொட்ட கையும், உதிரும் கல்லைத் தொட்ட கையும், மாதிரியில் படியை உணர்ந்த கையும் ஒன்றாக இருந்தால் காரணம் கைக்குள்ளேயே பிறந்துவிடும். இப்போது கல் பாதையில் இருக்கிறது, மாதிரி கட்டடத்துக்குள் இருக்கிறது, நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர்.

தீர்வு மலிவானது. ஒவ்வொரு பீடத்தின் விளிம்பிலும் ஒரு சாண் உயரத்துக்குப் பள்ளத்தாக்குச் சுவரின் பக்கத்தோற்றத்தைப் புடைப்புக் கோடாக வைக்கலாம்: மேலே விளிம்பு, கீழே ஆறு, நடுவே படிகள். இந்தக் கல் எந்தப் படியோ அந்த இடத்தில் மட்டும் ஒரு ஆழ்ந்த வெட்டு. கோடு எல்லாப் பீடத்திலும் ஒன்றே. வெட்டு மட்டும் நகரும். விரலை மேலிருந்து கீழே ஓட்டினால் ஒரு நொடியில் இடம் தெரிந்துவிடும். பாதையில் நடக்க நடக்க அந்த வெட்டு ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். காலத்தில் பின்னால் போவதும் பாறையில் கீழே போவதும் ஒன்றே என்ற புவியியலின் முதல் பாடம், பலகையில் ஒரு எழுத்துகூட இல்லாமல் கைக்கு வந்துவிடும். குழாயில் எட்டிப் பார்க்க முடியாத குழந்தைக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும்கூட இது உதவும்.

உயர அளவுகள் ஏற்கனவே வகுக்கப்பட்டவை. அமெரிக்க அணுகல் விதிகளில் உட்கார்ந்தபடி எட்டும் உச்ச உயரம் 122 சென்டிமீட்டர். மேசைக்கடியில் முழங்கால் நுழைய 68.5 சென்டிமீட்டர் காலியிடம். வெண்கோல் கண்டுபிடிக்க முடியாத உயரத்தில், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் எதுவும் துருத்தக் கூடாது. கல் பீடங்கள் தரையிலிருந்தே எழுவதால் இந்தக் கடைசிச் சிக்கல் அவற்றுக்கு இல்லை.

யாரை வைத்துச் சோதிப்பது

1869-இல் கொலராடோ ஆற்றில் படகோட்டி இந்தப் பள்ளத்தாக்கை முதன்முதலில் ஆராய்ந்த குழுவின் தலைவர் ஜான் வெஸ்லி பவல், 1862-இல் ஷைலோ போரில் வலக்கையை இழந்தவர். பார்வையற்ற முன்னாள் கடற்படை வீரர் லானி பெட்வெல் 2013-இல் இதே ஆற்றில் கயாக் ஓட்டிப் பள்ளத்தாக்கைக் கடந்தார். மறு ஆண்டு, பார்வையற்ற மலையேறி எரிக் வைஹன்மையரோடு மீண்டும் வந்தார். ஊனமுற்றோர் இங்கே புதியவர்கள் அல்ல. ஆனால் காட்சி வடிவமைக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் கடைசி வாரத்தில், எல்லாம் வார்த்து முடித்த பிறகு, ‘எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்பதற்காக. வெண்கலத்தில் வார்த்த பிறகு சொல்லி என்ன பயன்? களிமண்ணிலோ நுரைப்பலகையிலோ செய்த முதல் மாதிரியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். பிறவியிலேயே பார்வையற்றவர், நடுவயதில் இழந்தவர், ஓரளவு பார்வை உள்ளவர் என்று மூன்று விதமானவர்களும் தேவை, ஏனென்றால் நினைவில் மலை உள்ளவரின் கையும் மலையையே பார்த்திராதவரின் கையும் ஒரே மாதிரியில் வேறு வேறு இடத்தில் தடுமாறும். ஒன்றும் விளக்காமல் முதலில் தொடவிட்டு, எது என்னவென்று அவர்களே சொல்லக் கேட்பதுதான் சோதனை. ஆற்றை அவர் சாலை என்று சொன்னால் ஆற்றின் இழைநயத்தை மாற்ற வேண்டும். களிமண் ஈரமாக இருக்கும்போது அது அரைமணி நேர வேலை.